காலை உணவுத் திட்டம்: நோக்கமும் கருதுகோளும் எழுதுவது பற்றி

வணக்கம். தமிழ்நாடு அரசுப் பள்ளிகளின் காலை உணவுத் திட்டம் பற்றிய உங்கள் எம்.எட். ஆய்வுக்கு "காலை உணவுத் திட்டத்தின் பயனை ஆராய்தல்" என்று நோக்கமும், "திட்டம் பயனுள்ளது" என்று கருதுகோளும் (தரவை வைத்துச் சோதித்துப் பார்க்க முன்வைக்கும் கூற்று) எழுதி, நெறியாளர் திருப்பி அனுப்பிவிட்டார் என்கிறீர்கள். அவர் சொன்னது சரிதான். பயனை எதை வைத்து அளப்பீர்கள் என்பது அதில் இல்லையே.

வருகைப் பதிவேடு பார்க்க அனுமதி கிடைக்குமென்றால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். திட்டம் 2022 செப்டம்பர் 15-இல் 1,545 அரசுப் பள்ளிகளில்தான் தொடங்கியது. மற்ற அரசுத் தொடக்கப் பள்ளிகளில் பெரும்பாலானவற்றுக்கு 2023 ஆகஸ்ட் 25-இல்தான் வந்தது. இந்த இடைவெளி உங்களுக்குக் கிடைத்த வரம். நோக்கத்தை இப்படி எழுதிப் பாருங்கள்: "முதல் கட்டத்தில் சேர்ந்த, சேராத பள்ளிகளில் 1 முதல் 5 வகுப்பு வரையிலான மாணவர்களின் மாத வருகை விகிதம், 2022 செப்டம்பருக்கு முன்னும் பின்னும் எவ்வளவு மாறியது என ஒப்பிடுதல்."

அப்புறம் கருதுகோள் தானாக வரும்: "வருகை விகித மாற்றத்தில் இருவகைப் பள்ளிகளுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை." இது இன்மைக் கருதுகோள், அதாவது வேறுபாடு இல்லை என்று வைத்துக்கொண்டு சோதிப்பது. "சேர்ந்த பள்ளிகளில் உயர்வு அதிகம்" என்பது மாற்றுக் கருதுகோள். பதிவேட்டைத் திறப்பதற்கு முன்பே இரண்டையும் எழுதி நெறியாளரிடம் கொடுத்துவிடுங்கள்.

ஒன்று கவனியுங்கள்: முதல் கட்டப் பள்ளிகள் குலுக்கலில் தேர்வானவை அல்ல. அதனால் ஒரே பகுதியில், ஏறக்குறைய ஒரே அளவுள்ள பள்ளிகளாகப் பார்த்து, சேர்ந்த பள்ளி ஒன்றுக்குச் சேராத பள்ளி ஒன்று என இணை சேர்த்து ஒப்பிடுங்கள்.

பெற்றோர் கருத்தை அறிவதையும் ஒரு நோக்கமாக வைத்தால், அதற்குக் கருதுகோள் தேவையில்லை, ஆய்வு வினா போதும்.