வாசகர் கேள்வி பதில்: எச்.ஐ.வி. யார் வழியாக எங்கே போகிறது?

கேள்வி: எனக்கு இரண்டு பேரோடுதான் உறவு. நண்பனுக்கு இதுவரை பத்துப் பேர். ஆபத்து அவனுக்குத்தானே? (வாசகர், கல்முனை)

ஆள் கணக்கை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. நண்பருக்கு ஒரு உறவு முடிந்த பிறகுதான் அடுத்தது என்றால், இடையில் அவருக்குத் தொற்றினாலும் முன்னைய துணைகளுக்கு அது போகாது. உங்கள் இரு உறவுகளும் ஒரே காலத்தில் நடந்தால், ஒருவரிடமிருந்து வருவது உங்கள் வழியாக மற்றவருக்கும் போகலாம். அவர்களுக்கும் வேறு துணை இருந்தால் தொடுப்பு நீண்டுகொண்டே போகும்.

தொற்றிய முதல் சில வாரங்களில்தான் இரத்தத்தில் கிருமி மிக அதிகம். சிலருக்குக் காய்ச்சல், தொண்டைநோ வந்து மாறும். பலருக்கு ஒன்றும் தெரியாது. பரிசோதனையும் அப்போது பிடிக்காமல் விடலாம். ஒரே காலத்து உறவுகளில் அந்த வாரங்களுக்குள்ளேயே கிருமி அடுத்தவருக்குக் கடந்துவிடலாம். உறவுகளுக்கு நடுவே சில மாதம் இடைவெளி இருந்தால் அந்த உச்சம் தணிந்திருக்கும். ஆனால் தொற்றாது என்றில்லை.

ஆபிரிக்க நாடான மலாவியின் லிகோமா தீவில் யாருக்கு யாரோடு உறவு என்று பார்த்த ஆய்வு 2007இல் வெளியானது. கேட்கப்பட்டவர்களில் பாலுறவு உள்ளவர்களில் பாதிப்பேர் ஒரே வலைப்பின்னலில் தொடுபட்டிருந்தார்கள். ஏராளம் துணைகள் உள்ள ஒருவர் நடுவில் இருக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை.

கல்முனையில் இருப்பவரின் தொடர்பு கல்முனையோடு நிற்பதுமில்லை. கொழும்பு வேலை, வெளிநாடு, கைபேசிச் செயலி என்று தனித்தனி வட்டங்களை ஒரே ஆள் இணைத்துவிடலாம். அந்த ஒரு இணைப்பில் ஆணுறையோ மருந்தோ இருந்தால் அப்பால் உள்ள வட்டமே தப்பும். அதனால்தான் சிலரைக் "கெட்ட ஆட்கள்" என்று ஒதுக்குவதை எங்களால் ஏற்க முடியவில்லை. ஒதுக்கப்பட்டவர் கிளினிக் பக்கம் வரமாட்டார்.

கேள்வி: கணவர் நாலு மாதத்துக்கு முதல் கட்டாரில் இருந்து வந்தவர். போகும்போது இரத்தம் சோதித்து "இல்லை" என்றுதான் வந்தது. நான் சோதிக்க வேணுமா? (வாசகி, களுவாஞ்சிக்குடி)

அந்த முடிவு அன்றைக்கு வரைக்கும்தான், சகோதரி. இருவரும் சேர்ந்து போவது நல்லது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் பாலியல் நோய் சிகிச்சை நிலையம் இருக்கிறது. பரிசோதனை இலவசம், வேறு வைத்தியரின் கடிதம் தேவையில்லை. நாளக் குருதியில் செய்யும் புதிய வகைச் சோதனை, கடைசி உறவுக்கு 45 நாள் கழித்து "இல்லை" என்றால் நம்பலாம். விரலில் குத்திப் பார்ப்பதற்கு 90 நாள் வேண்டும். சிபிலிஸ் என்ற பாலியல் நோயையும் சேர்த்துப் பாருங்கள். அதன் புண் வழியே எச்.ஐ.வி. இலகுவாக ஏறும்.

"இருக்கிறது" என்று வந்தாலும் மருந்து இலவசம். நாள் தவறாமல் எடுத்து, ஒரு மில்லிலீற்றர் இரத்தத்தில் கிருமியின் எண்ணிக்கை 200க்குக் கீழ் இறங்கி அப்படியே நின்றால், பாலுறவு வழியாகத் தொற்றாது.

கேள்வி: நேற்று ஆணுறை கிழிந்துவிட்டது. இனி என்ன செய்வது? (வாசகர், அக்கரைப்பற்று)

எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மருந்து இருக்கிறது. 72 மணித்தியாலத்துக்குள் தொடங்கி 28 நாள் எடுக்க வேண்டும்; எவ்வளவு முந்துகிறோமோ அவ்வளவு நல்லது. விடுமுறை நாள் என்று திங்கள் வரை காத்திருக்காமல் பெரிய வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவில் கேளுங்கள். டெற்றோல் ஊற்றிக் கழுவாதீர்கள், தோல் புண்ணாகும். தேங்காய் எண்ணெய் பூசினீர்களா? எண்ணெய் பட்டால் இறப்பர் ஆணுறை சில நிமிடத்திலேயே பலமிழந்துவிடும். இனிமேல் நீர் சார்ந்த வழுக்கும் ஜெல் மட்டும் பாவியுங்கள்.