மூணு மாச குட்டிக்கும் ஒன்பது வயசு நாய்க்கும் ஒரே சாப்பாடா?

கேள்வி: வீட்ல ஒன்பது வயசு லேப்ரடார் இருக்கான், இப்ப மூணு மாச லேப் குட்டியும் வந்தாச்சு. ரெண்டுக்கும் ஒரே சாப்பாடுதான். குட்டிக்கு பப்பி ஃபுட் கொஞ்சம் கலந்து, எலும்பு பலமாக கால்சியம் சிரப்பும் குடுக்கிறோம். கைய கடிக்குது, வீடு முழுக்க உச்சா போகுது. பெரியவன் குண்டாயிட்டே போறான், இனிமே அவனுக்கு எதாவது கத்துக்குடுக்க முடியுமா?

பதில்: முதல்ல அந்த சிரப்ப நிறுத்துங்க, இதுதான் அவசரம். பெரிய இன குட்டிங்களுக்கு வேண்டாத கால்சியத்த உடம்புல சேராம தடுக்கிற சக்தி இந்த வயசுல சரியா இருக்காது, குடுக்கிறதெல்லாம் உள்ள போயி எலும்பும் மூட்டும் கோணலா வளரலாம். பெரிய இனத்துக்குன்னே வர்ற பப்பி ஃபுட்ல தேவையான அளவு ஏற்கனவே இருக்கு, அதையே தனியா குடுங்க. ஆறு மாசம் வரைக்கும் ஒரு நாளைக்கு மூணு வேளை, அப்புறம் ரெண்டு வேளை போதும். வீட்டு சாப்பாடுதான்னா டாக்டர்கிட்ட கணக்கு போட்டு வாங்கிக்கோங்க.

கடிக்கிறது கோவத்துல இல்ல, விளையாட்டும் பல்லு ஊறலும்தான். இப்ப பால் பல்லு விழ ஆரம்பிக்கும், ஆறேழு மாச வயசுல 42 பல்லும் வந்துடும். கடிச்சா கத்தாம விளையாட்ட நிறுத்திட்டு எழுந்துடுங்க, கொஞ்ச நேரம் கழிச்சு மெல்ற பொம்மைய குடுங்க. தயவுசெஞ்சு மூக்குல தட்டாதீங்க, கைய பாத்தாலே பயப்படுற நாயா வளர்ந்துடும்.

உச்சாவுக்கு, தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும், விளையாடி முடிச்சதும் உடனே வெளிய கூட்டிட்டு போங்க, உச்சா போன அந்த நொடியே அங்கயே ட்ரீட் குடுக்கணும், வீட்டுக்குள்ள வந்து குடுத்தா உள்ள வந்ததுக்குதான் குடுக்கிறீங்கன்னு நினைச்சுக்கும். எப்பவோ போனதுக்கு இப்ப திட்டுறதுல பிரயோஜனமே இல்ல.

சிட், ஸ்டே எல்லாம் மெதுவா வரட்டும். புது ஆளு, புது சத்தம், புது இடம் எதுக்கும் பயப்படாம பழகுற வயசு 14 வாரத்தோட ஏறக்குறைய முடிஞ்சிடும், அதனால தடுப்பூசி முடியலன்னாலும் தூக்கிட்டு போயி எல்லாத்தையும் காட்டுங்க, இத தள்ளிப் போடாதீங்க.

இப்ப பெரியவன். விலாவ லேசா தடவிப் பாருங்க. விரிச்ச கையோட மேல்பக்கத்த தடவுற மாதிரி எலும்பு தட்டுப்பட்டா சரியான எடை, உள்ளங்கை மாதிரி மெத்துன்னு இருந்தா அதிகம். கெஞ்சுறான்னு மனசு இளகிடாதீங்க, லேப்ரடார்ல ஏறக்குறைய நாலுல ஒண்ணுக்கு பசிய கட்டுப்படுத்துற ஒரு ஜீன்லயே குறை இருக்குன்னு 2016லயே கண்டுபிடிச்சிருக்காங்க. குட்டியோட சாப்பாட்டுல அவனுக்கு கலோரி ரொம்ப ஜாஸ்தி, அத அவன் மிச்சம் தின்னாம இருக்க ரெண்டு பேருக்கும் தனித்தனி ரூம்ல வெச்சு, இருபது நிமிஷத்துல கிண்ணத்த எடுத்துடுங்க. வயசாயிடுச்சுன்னு புரோட்டீன குறைக்கணும்னு சொல்வாங்க, கிட்னி பிரச்சனை இல்லன்னா அதுக்கு அவசியமே இல்ல. ஆனா சோர்வா இருந்தாலோ, முடி கொட்டினாலோ, தண்ணி அதிகமா குடிச்சாலோ ரத்தப் பரிசோதனை பண்ணிடுங்க, தைராய்டு, கிட்னி, சுகர்னு எதுவும் இருக்கலாம்.

கத்துக்குவானான்னா, நல்லாவே கத்துக்குவான். காது மந்தமாகுறதுக்கு முன்னாடியே வார்த்தையோட கை சைகையும் சேர்த்து பழக்குங்க, ஒரு தடவைக்கு அஞ்சு நிமிஷம், குதிக்கிற வேலையெல்லாம் வேண்டாம். ட்ரீட்ட மட்டும் அன்னைக்கு அளந்து வெச்ச சாப்பாட்டுலேர்ந்தே எடுத்துக்கோங்க.