வாசகர் கேள்வி பதில்: பழைய 486-ல் விண்டோஸ் 95 ஓடுமா?

கேள்வி: கைமாறி வந்த, தொண்ணூறுகளின் 486 வகைக் கணினி ஒன்று வாங்கியிருக்கிறேன். டிஎக்ஸ்2 ப்ராசஸர், 66 மெகாஹெர்ட்ஸ். 4 எம்பி ரேம், 210 எம்பி ஹார்ட் டிஸ்க். டாஸ் 6.22, விண்டோஸ் 3.1 இரண்டும் ஓடுகின்றன. இதில் விண்டோஸ் 95 போட்டு அந்தக் காலத்து வேர்ட், கேம்கள் எல்லாம் ஓட்டிப் பார்க்க ஆசை. எந்த ப்ராசஸர் வாங்கலாம்? ஆன் செய்யும்போதெல்லாம் தேதி மாறிவிடுகிறது, ஹார்ட் டிஸ்க் எண்களையும் மறுபடி கொடுக்க வேண்டியிருக்கிறது. அது பழகிவிட்டது. (கல்லூரி மாணவர் ஒருவர்)

பதில்: தம்பி, ‘பழகிவிட்டது’ என்று நீங்கள் ஒதுக்கிய அந்தத் தேதிக் கோளாறுதான் என்னைப் பதற வைத்தது. ப்ராசஸர் பேச்சை அப்புறம் வைத்துக்கொள்வோம். இன்றைக்கே கேபினெட்டைத் திறந்து, கீபோர்டு செருகும் இடத்துக்குப் பக்கத்தில் பாருங்கள். மூன்று பொத்தான்களை அடுக்கி நீல உறையோ பச்சை உறையோ போட்டுப் படுக்க வைத்த மாதிரி ஒரு குட்டிப் பீப்பாய் இருக்கிறதா? அது 3.6 வோல்ட் நிக்கல் காட்மியம் பேட்டரி. கணினி ஓடும்போது சார்ஜ் ஏறும். அணைத்த பிறகு தேதியையும் டிஸ்க் எண்களையும் நினைவில் வைத்திருக்கும். வயதானால் கசியும். கசிவது ஆசிட் என்று பலர் நினைக்கிறார்கள். அது காரம். மதர்போர்டில் ஓடும் செப்புத் தடங்களைச் சத்தமில்லாமல் தின்றுகொண்டே போகும்.

எனக்கென்று முதலில் அமைந்த, 486-க்கு முந்தைய தலைமுறை 386 போர்டை நான் அப்படித்தான் இழந்தேன். பத்திரமாக அட்டைப் பெட்டியில் சுற்றி வைத்திருந்தேன், பேட்டரியை மட்டும் எடுக்கவில்லை. சில வருடம் கழித்துத் திறந்தால் பேட்டரியைச் சுற்றிப் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருந்தது. ஊசி முனையால் ஒரு தடத்தைத் தொட்டேன், பொடியாக உதிர்ந்தது. கீபோர்டு சிப்பின் கால் ஒன்று சாக்கெட்டிலேயே ஒடிந்து நின்றுவிட்டது. அந்தப் போர்டு இப்போதும் என் மேசை டிராயரில் இருக்கிறது. யாராவது பேட்டரியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றால் அதை எடுத்துக் காட்டுகிறேன். சுவர் இருந்தால்தானே சித்திரம் எழுத முடியும்?

ஆகவே வேலையை இந்த வரிசையில் செய்யுங்கள். நீங்கள் தினமும் கொடுக்கும் ஹார்ட் டிஸ்க் எண்களை, அதாவது டிஸ்கின் அமைப்பைச் சொல்லும் சிலிண்டர், ஹெட், செக்டார் மூன்றையும், ஒரு தாளில் எழுதி கேபினெட்டின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள். டிஸ்கில் இருப்பதை முழுக்க வேறிடத்துக்குப் பிரதி எடுங்கள். முன்பு வைத்திருந்தவர் போட்ட சவுண்டு கார்டு டிரைவர் அதில்தான் இருக்கும், பிறகு தேடினால் கிடைப்பது கஷ்டம். அதன்பின் பேட்டரியின் கால்களை வெட்டி எடுங்கள். கசிவு இருந்தால் வினிகரில் நனைத்த பஞ்சால் அந்த இடத்தைத் துடைத்து, சுத்தமான நீரால் துடைத்து, கடைசியில் ஐசோப்ரோபைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். ஒருநாள் முழுக்கக் காயட்டும்.

அதே இடத்தில் காசு வடிவ லித்தியம் செல்லை நேராகச் சால்டர் செய்துவிடாதீர்கள். போர்டு அதற்கும் சார்ஜ் ஏற்றப் பார்க்கும். சார்ஜ் ஏற்றக் கூடாத செல் அது, வெடித்துவிடலாம். பல போர்டுகளில் வெளிப் பேட்டரிக்கென்றே நான்கு முள் வரிசை ஒன்று உண்டு. மூன்று பென்சில் செல்கள் போடும் பெட்டியை அதில் இணைத்து, ஜம்பரை (இரண்டு முட்களை இணைக்கும் குட்டித் தொப்பி) மாற்றிவிட்டால் போதும். பெட்டியை போர்டிலிருந்து தள்ளி, கேபினெட் சுவரில் ஒட்டுங்கள். நாளைக்கு அதுவும் கசிந்தால் போர்டு தப்பிக்கும்.

போர்டைக் கழற்றி மாட்டும்போது பவர் சப்ளையிலிருந்து வரும் இரண்டு கனெக்டர்களைக் கவனியுங்கள். பி8, பி9 என்று எழுதியிருக்கும். இடம் மாற்றிச் செருகினாலும் உள்ளே போய்விடும், போர்டு கருகிவிடும். இரண்டிலும் உள்ள கறுப்பு ஒயர்கள் நடுவில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும். மாட்டி முடித்ததும் விரலை வைத்து ‘கறுப்பு, கறுப்பு’ என்று சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் இன்றைக்கும் நான் சுவிட்சைத் தொடுகிறேன்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ப்ராசஸர் வாங்க வேண்டாம். 1992-ல் வந்த டிஎக்ஸ்2-66 விண்டோஸ் 95-க்குத் தாராளம். மைக்ரோசாஃப்ட் கேட்டதே குறைந்தபட்சம் 386டிஎக்ஸும் 4 எம்பி ரேமும்தான். 8 எம்பி இருந்தால் நல்லது என்றார்கள். அந்த 4 எம்பியை நம்பாதீர்கள். ரேம் போதாதபோது விண்டோஸ் ஹார்ட் டிஸ்கையே ரேம் மாதிரி பயன்படுத்தத் தொடங்கும். வேர்டைத் திறந்துவிட்டு டிஸ்க் விளக்கைப் பாருங்கள், அணையவே அணையாது. அந்த நிலையில் இரண்டு மடங்கு வேகமான ப்ராசஸர் போட்டாலும் அதுவும் டிஸ்குக்காகக் காத்துக்கொண்டுதான் நிற்கும். 16 எம்பி ஆக்குங்கள். அதே கணினியா என்று உங்களுக்கே சந்தேகம் வரும்.

ரேம் வாங்கும் முன் ஸ்லாட்டைப் பாருங்கள். 30 முள் சிம் (ரேம் சிப்கள் பதித்த சிறு பலகை) என்றால் ஒவ்வொன்றும் 8 பிட்தான் தரும். 486-க்கு 32 பிட் வேண்டும். அதனால் ஒரே அளவு, ஒரே வகையில் நான்கு நான்காகத்தான் போட வேண்டும். 4 எம்பி சிம் நான்கு போட்டால் 16. சற்று நீளமான 72 முள் சிம் என்றால் ஒன்றே 32 பிட், ஒற்றையாகப் போட்டாலே போதும். 30 முள் சிம்மில் உள்ள சிப்களை எண்ணிப் பாருங்கள். ஒன்பதோ மூன்றோ இருந்தால் பாரிட்டி (பிழையைக் கண்டுபிடிக்கும் கூடுதல் பிட்) உள்ளது. எட்டோ இரண்டோ இருந்தால் இல்லாதது. பாரிட்டி கேட்கும் போர்டில் இல்லாததைப் போட்டால் ஆன் செய்ததும் பிழை காட்டி நிற்கும். சிப்பின் மேல் எழுத்துகளின் முடிவில் -7 அல்லது -70 என்று இருந்தால் அதன் வேகம் 70 நானோசெகண்ட். உங்களுக்கு அது போதும்.

விண்டோஸ் 98 போடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். 486டிஎக்ஸ் 66-ம் 16 எம்பியும் அதற்குக் குறைந்தபட்சத் தகுதி. எல்லைக்கோட்டில் நிற்கிறீர்கள். வரும், வந்து திணறும். குருவி தலையில் பனங்காய் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: 486-ல் பழைய ஹார்ட் டிஸ்க் இரைச்சல் தாங்காமல் 8 ஜிபி காம்பாக்ட் ஃப்ளாஷ் கார்டு ஒன்றை அடாப்டரில் போட்டேன். கணினி 504 எம்பி என்றுதான் காட்டுகிறது. கார்டு போலியா? (வாசகி ஒருவர்)

பதில்: இந்த 504 என்ற எண் வந்தாலே கார்டின் மேல் சந்தேகம் வேண்டாம், அம்மா. பழைய பயாஸ் (ஆன் செய்ததும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) 1,024 சிலிண்டருக்கு மேல் எண்ணாது, ஒரு தடத்தில் 63 செக்டாருக்கு மேல் எண்ணாது. ஐடிஇ என்ற இணைப்பில் வரும் டிஸ்கோ 16 ஹெட்டுக்கு மேல் ஒத்துக்கொள்ளாது. இருவரும் ஒத்துப்போகும் அளவைப் பெருக்குங்கள்: 1,024 × 16 × 63 × 512 பைட். விடை 52,84,82,304 பைட், சரியாக 504 எம்பி. மீதி ஏழு ஜிபிக்கு மேல் கார்டில் அப்படியே இருக்கிறது, பயாஸுக்குத்தான் கண் எட்டவில்லை.

வழிகள் இருக்கின்றன. எக்ஸ்டிஐடிஇ யுனிவர்சல் பயாஸ் என்று ஒரு திறந்த மூல மென்பொருள் உண்டு. அதை, அணைத்தாலும் அழியாத ஈப்ராம் சிப்பில் எழுதி, பழைய நெட்வொர்க் கார்டில் பூட் ரோம் போடக் காலியாக விட்டிருக்கும் சாக்கெட்டில் செருகினால் பெரிய டிஸ்க் தெரியும். டிஸ்கின் தொடக்கத்தில் உட்கார்ந்து அதே வேலையைச் செய்யும் ஆன்ட்ராக் டிஸ்க் மேனேஜர் போன்ற மென்பொருள்களும் அந்தக் காலத்திலேயே இருந்தன. அவற்றில் எனக்கு விருப்பமில்லை. கார்டைக் கழற்றி வேறு கணினியில் போட்டுப் பார்க்கும்போது குழப்பம் வரும்.

ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். விண்டோஸ் 95 எடுத்துக்கொள்வது 50, 60 எம்பி அளவு. வேர்ட், எக்செல், பத்துப் பதினைந்து கேம்கள் போட்டாலும் 504 எம்பி நிறையாது. நான் என் கணினியில் 504-லேயே நிறுத்திவிட்டேன். ஃபேட்16 என்ற முறையில் கோப்புகளை வைக்கும் முதல் விண்டோஸ் 95 பதிப்பில் ஒரு பார்ட்டிஷன் (டிஸ்கைப் பிரித்த பகுதி) 2 ஜிபியைத் தாண்டாது. அதிலும் 1 ஜிபிக்கு மேல் போனால் ஒரு வரிக் கடிதம்கூட 32 கேபி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். 504-க்குள் இருந்தால் 8 கேபி.

கார்டை அந்த 486-லேயே பார்ட்டிஷன் போட்டு ஃபார்மட் செய்யுங்கள், புதிய கணினியில் செய்யாதீர்கள். சிலிண்டர் கணக்கு இரண்டிலும் வேறுபடும், பிறகு பூட் ஆகாமல் முரண்டு பிடிக்கும். ஃபார்மட் முடிந்ததும் கார்டைக் கழற்றி, புதிய கணினியின் கார்டு ரீடரில் போட்டு, விண்டோஸ் 95 சிடியில் உள்ள வின்95 ஃபோல்டரை அப்படியே கார்டுக்குப் பிரதி எடுங்கள். பழையபடி 486-ல் மாட்டி, டாஸிலிருந்து செட்டப் கொடுங்கள். சிடி டிரைவ் தேடி அலைய வேண்டாம், ஃப்ளாப்பிகளை மாற்றி மாற்றிச் செருகவும் வேண்டாம். பின்னால் டிரைவர் கேட்டாலும் அந்த ஃபோல்டரையே காட்டலாம்.

கேள்வி: டிஎக்ஸ்4-100 சிப் ஒன்று கையில் கிடைத்தது. என் டிஎக்ஸ்2 இருக்கும் சாக்கெட்டில் கச்சிதமாக உட்காரும் போலிருக்கிறது. போட்டுவிடலாமா? (ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்)

பதில்: ஐயா, தயவுசெய்து இன்னும் போடாதீர்கள். உட்காருவதும் ஓடுவதும் வேறு வேறு. டிஎக்ஸ்2 5 வோல்ட் சிப், டிஎக்ஸ்4 3.3 வோல்ட் சிப். முள் ஒன்றுபோல இருப்பதால் 5 வோல்ட் சாக்கெட்டில் அழகாக இறங்கும். நானே ஒருமுறை அவசரத்தில் அப்படி இறக்கினேன். திரையில் ஒன்றும் வரவில்லை. சில வினாடிகளில் சிப்பின் மேல் விரல் வைக்க முடியாத சூடு. அன்றோடு அது முடிந்தது.

சாக்கெட்டின் மேல் என்ன எண் போட்டிருக்கிறது என்று பாருங்கள். சாக்கெட் 1, சாக்கெட் 2 என்றால் 5 வோல்ட் மட்டும்தான். சாக்கெட் 3 என்றால் இரண்டும் தரும். ஆனால் ஜம்பரை 3.3-க்கு மாற்றிய பிறகுதான் சிப்பை வைக்க வேண்டும். 5 வோல்ட் மட்டும் தரும் போர்டோ எண் இல்லாத பழைய போர்டோ என்றால் சிப்புக்கும் சாக்கெட்டுக்கும் நடுவில் வோல்டேஜைக் குறைத்துத் தரும் இடைச் சாக்கெட் வேண்டும், அல்லது ரெகுலேட்டர் உள்ளேயே வைத்து வந்த ஓவர்டிரைவ் வகை டிஎக்ஸ்4 வேண்டும். வெட்டிய மூலையை வெட்டிய மூலையோடு சேர்த்து வையுங்கள். மேலே ஒரு சிறிய விசிறியும் கட்டாயம்.

இவ்வளவும் செய்தால் பலன் உண்டா என்றால், உண்டு. உள் கேஷ் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் அதிவேக நினைவகம்) 8 கேபியிலிருந்து 16 கேபி ஆகிறது, கடிகார வேகம் 66 மெகாஹெர்ட்ஸிலிருந்து 100 ஆகிறது. கேம்களில் நன்றாகத் தெரியும். போர்டில் உள்ள கேஷ் சிப்களையும் ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். உள்ளே ஒன்றுமே இல்லாத வெறும் பிளாஸ்டிக் கூட்டைக் கேஷ் என்று ஒட்டி விற்ற 486 போர்டுகள் அந்தக் காலத்தில் நிஜமாகவே இருந்தன. கேஷ் அளவைச் சோதிக்கும் டாஸ் புரோகிராம் ஓட்டினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

கேள்வி: 486-ல் இன்றைய லினக்ஸ் போட்டு இணையம் பார்க்க முடியுமா?

பதில்: வேண்டாம். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் லினக்ஸ் எழுதத் தொடங்கியதே ஒரு 386-ல்தான். அந்த 386-க்கான ஆதரவையே 2013-ல் வந்த 3.8 பதிப்பில் எடுத்துவிட்டார்கள். இன்றைய பிரபல லினக்ஸ் தொகுப்புகள் 486-ஐக் கணக்கில் வைப்பதில்லை, இன்றைய பிரவுசருக்கு 16 எம்பி ஒரு வாய்க்குக்கூடக் காணாது. அந்தக் காலத்து லினக்ஸ் தொகுப்பு போட்டுப் பாருங்கள், கமாண்டு திரையில் மிக நன்றாக ஓடும்.

கேள்வி: பாகங்களை மாற்றினால் கணினியின் பழமை கெட்டுவிடாதா? (முதல் கேள்வி கேட்ட மாணவரின் பின்குறிப்பு)

பதில்: கெடாது, கழற்றியதைத் தொலைக்காமல் இருந்தால். மொத்தம் 4 எம்பி தந்த அந்தப் பழைய சிம்களையும் 210 எம்பி டிஸ்கையும் நிலைமின் தடுப்பு உறையில் போட்டு, எந்த ஸ்லாட்டிலிருந்து எடுத்தது, என்றைக்கு எடுத்தது என்று எழுதி, அதே கேபினெட்டின் அடியில் கட்டி வையுங்கள். வெட்டிய பேட்டரியை மட்டும் அதோடு சேர்த்து வைத்துவிடாதீர்கள். அதைக் குப்பையிலும் போடக் கூடாது. உள்ளே காட்மியம் இருக்கிறது, பழைய பேட்டரி வாங்கிக்கொள்ளும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். கேபினெட்டைத் திறந்ததும் போர்டின் அந்த மூலையை ஒரு படம் எடுத்து அனுப்புங்கள் தம்பி, பச்சை எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.