வாக்கி டாக்கி வாங்கியாச்சு, ஆனா ஒருத்தர் பேசுறது ஒருத்தருக்கு விளங்கல: என்ன பண்ணலாம்?

உச்சிப்புளி பக்கத்துல இருந்து ஒரு வாசகர் கேட்டிருக்காரு: "அண்ணே, அரியமான் பக்கம் கடற்கரையை ஒட்டி சின்னதா ஒரு பார்க் நடத்துறோம். ராட்டினம், ரெண்டு மூணு வாட்டர் ஸ்லைடு, கடல்ல பனானா போட், ஜெட் ஸ்கீ எல்லாம் இருக்கு. ஆளுக பதினாறு பேரு. போன்ல பேசிப் பாத்தோம், சரிவரல. ஆன்லைன்ல வாக்கி டாக்கி வாங்கிக் குடுத்தேன், இப்ப குழப்பம் கூடிப்போச்சு. லைசென்ஸ் இல்லாம வெச்சிருந்தா பிடிச்சுட்டுப் போயிருவாங்கன்னு வேற ஒருத்தர் பயமுறுத்துறாரு. பெரிய தீம் பார்க்குல எல்லாம் எப்படி சமாளிக்கிறாங்க? அவங்கள மாதிரி கோடு வேர்டு வெச்சுக்கணுமா?"

முதல்ல லைசென்ஸ் விஷயத்த முடிச்சிருவோம், ஏன்னா நீங்க இருக்குற இடம் அப்படி. உச்சிப்புளில நேவி விமான தளம், மண்டபத்துல கோஸ்ட் கார்டு, எல்லைக்கோடு பக்கத்துல, இதுக்கு நடுவுல என்ன அலைவரிசைன்னே தெரியாத செட்ட வெச்சு நாள் பூரா பேசினா யாராச்சும் வந்து கேக்கத்தான் செய்வாங்க. நம்ம நாட்டுல 446.0ல இருந்து 446.2 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும், பவர் கம்மியான கைச் செட்டுக்கு லைசென்ஸ் வேண்டாம்னு 2018லயே விதி வந்துருச்சு. ஆனா செட்டுக்கு இ.டி.ஏ. அப்படிங்குற அரசு ஒப்புதல் சான்று இருக்கணும், பெட்டியிலயோ பில்லுலயோ அத பாருங்க, விக்கிறவர்கிட்ட கேட்டு வாங்குங்க. ஆன்லைன்ல எந்த அலைவரிசைன்னு கூட போடாம வித்துக்கிட்டு இருந்தாங்கன்னு தான் 2025 மே மாசம் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ் விட்டு, அந்த மாசக் கடைசில தனி வழிகாட்டு நெறியே போட்டாங்க. அதனால நீங்க வாங்கினது எல்லா அலைவரிசையும் திறக்குற சைனா செட்டா இருந்தா ஓரமா வெச்சிருங்க. ஹாம் (பொழுதுபோக்கு ரேடியோ) லைசென்ஸ் இருக்குற பையன் ஒருத்தன் கூட இருந்தாலும் அது தொழிலுக்கு செல்லாது. பெரிய ரேஞ்சு வேணும்னா தொலைத்தொடர்புத் துறையோட சரல் சஞ்சார் தளத்துல விண்ணப்பிச்சு சொந்த அலைவரிசை வாங்கணும், பதினாறு பேருக்கு அது தேவையில்லன்னு தான் நான் சொல்வேன்.

சரி, குழப்பத்துக்கு வருவோம். நீங்க செட்ட குறை சொல்றீங்க, எனக்கு என்னமோ செட்டு மேல சந்தேகம் இல்ல. எல்லாரும் ஒரே சேனல்ல, போன்ல பேசுற மாதிரியே பேசிக்கிட்டு இருக்கீங்க. போன்ல ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசலாம், இதுல ஆகாது. பாம்பன் பாலத்துல எதிரும் புதிருமா ரெண்டு ரயில் ஏற முடியாதுல்ல, அதே கதை தான். ரெண்டு பேரு ஒரே சமயத்துல பட்டன அமுக்கினா சிக்னல் பலமா இருக்குறவன் குரல் மட்டும் கேக்கும், இல்லாட்டி வெறும் கரகரப்பு. இன்னொன்னு, பட்டன அமுக்குன உடனே வாயத் திறந்துருவாங்க, முதல் வார்த்தை போயிரும். "ராட்டினத்த நிறுத்து"ன்னா "நிறுத்து" மட்டும் தான் விழும், எத நிறுத்தன்னு கேக்குறவனுக்கு எப்படித் தெரியும்? அமுக்கு, ஒரு நொடி பொறு, அப்புறம் பேசு. மைக்கு வாய்ல இருந்து நாலு விரல் தள்ளி இருக்கணும், கத்தக் கூடாது, கத்துனா இன்னும் உடைஞ்சு தான் கேக்கும்.

பெரிய பார்க்குகள்ல ரைடு ஓட்டுறவங்க, மெக்கானிக், செக்யூரிட்டி, முதலுதவின்னு தனித்தனி சேனல் வெச்சு, எல்லாத்தையும் கேட்டுக்கிட்டே ஒரு கன்ட்ரோல் ரூம் இருக்கும். உங்களுக்கு ரெண்டு சேனல் போதும், கரைக்கு ஒண்ணு, கடலுக்கு ஒண்ணு. டிக்கெட் கவுன்டர்லயோ எங்கயோ கொஞ்சம் உசரமான இடத்துல ஒரு ஆள், அவர் தான் கன்ட்ரோல், அவர் கையில ரெண்டு செட்டு. யாரு யாரக் கூப்பிட்டாலும் அவர் வழியாத் தான். கூப்பிடுறதுக்கு ஆள் பேர் வேண்டாம், இடத்தோட பேர் வைங்க. முனியசாமி ரெண்டு பேர் இல்லாத இடம் நம்ம மாவட்டத்துல உண்டா? ஷிப்டு மாறினாலும் இடத்துப் பேர் மாறாது. இப்படித் தான் போகணும் பேச்சு:

"கன்ட்ரோல், ஸ்லைடு மேல."
"சொல்லுங்க ஸ்லைடு மேல."
"ரெண்டாம் ஸ்லைடுல ஒருத்தர் பாதில நிக்கிறாரு. அடுத்த ஆள் அனுப்பல."
"ரெண்டாம் ஸ்லைடு, பாதில ஆள், அடுத்தது அனுப்பல. கீழ இருந்து ஆள் வருது."

கூப்பிடுற ஆள் பேரு முதல்ல, நம்ம பேரு ரெண்டாவது. கேட்டவர் கேட்டதத் திருப்பிச் சொல்றாரு பாருங்க, அது தான் உயிரு. "சரி சரி"ன்னு சொன்னா என்ன சரின்னு யாருக்கும் தெரியாது. காத்துல எட்டும் பத்தும் ஒரே மாதிரி விழும், அதனால பத்துன்னு சொல்லாம ஒண்ணு சைபர்னு பிரிச்சுச் சொல்லச் சொல்லுங்க.

இதுல நீங்க விட்டுக் குடுக்கவே கூடாத ஒண்ணு இருக்கு. "நிறுத்து"ன்னு யார் வேணாலும் சொல்லலாம், கூட்டுற அக்கா சொன்னாலும் ரைடு நிக்கணும், ஏன்னு அப்புறம் கேட்டுக்கலாம். ஆனா "ஓட்டு"ன்னு சொல்ற உரிமை ஒரே ஒருத்தருக்குத் தான். மெக்கானிக் ராட்டினத்துக்குள்ள இறங்கினா, செட்டுல சொல்லிட்டு இறங்குறது பத்தாது, மெயின் சுவிட்ச ஆஃப் பண்ணி பூட்டு போட்டு சாவிய அவரு பையில வெச்சுக்கணும். செட்டுல காது தப்பும், பூட்டு தப்பாது.

கோடு வேர்டு பத்திக் கேட்டீங்க. டிஸ்னி பார்க்குகள்ல ரைடு நின்னுபோனா நூத்தி ஒண்ணு, திரும்ப ஓடினா நூத்தி ரெண்டுன்னு சொல்லிக்குவாங்க, பக்கத்துல நிக்கிற ஜனங்க பதறக் கூடாதுன்னு. வாந்தி எடுத்தாக் கூட அதுக்கு ஒரு நாசூக்கான பேரு வெச்சிருக்காங்க. உங்களுக்கு ரெண்டு மூணு போதும். அதுக்கு மேல வெச்சீங்கன்னா சீசனுக்கு வர்ற புதுப் பையன் அவசரத்துல முழிப்பான். அமெரிக்காவுலயே பல துறை சேர்ந்து பேரிடர் வேலை பாக்குறப்ப நம்பர் கோடு வேண்டாம், சாதாரண வார்த்தையிலயே பேசுங்கன்னு 2006ல அரசே சொல்லிருச்சு.

பிள்ள காணாமப் போறதுக்கு மட்டும் ஒரு கோடு கட்டாயம் வேணும். 1994ல வால்மார்ட் கடைகள்ல ஆரம்பிச்சது இப்ப பல ஊர்ல நடக்குது: கோடு சொல்லி பிள்ளையோட அடையாளத்தச் சொல்லு, உடனே வாசல்ல ஆள் நிறுத்து. சட்டையக் கழட்டி வேற மாத்திரலாம், செருப்ப மாத்த நேரம் இருக்காது, அதனால செருப்புல இருந்து சொல்லச் சொல்லுங்க. பிள்ளையோட பேர செட்டுல சொல்லாதீங்க, லைசென்ஸ் வேண்டாத சேனல யாரு வேணாலும் கேக்கலாம். பிரைவசி கோடுன்னு செட்டுல போட்டிருக்கே, அது அடுத்தவன் பேச்சு உங்க காதுல விழாம மறைக்கும், அவ்வளவு தான், உங்க பேச்ச அவன் கேக்குறதத் தடுக்காது. உங்க பார்க்குல கேட்டுக்கு ஒரு ஆள் ஓடுற அதே நேரத்துல இன்னொரு ஆள் தண்ணி ஓரத்துக்கு ஓடணும், கடல் ஓரமா பார்க் வெச்சா அது தான் முதல் வேலை.

"போன் போதாதா"ன்னு சிலர் கேப்பாங்க. ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு ராமேஸ்வரத்துக்கு வர்ற கூட்டத்துல டவர் திணறுறது உங்களுக்குத் தெரியாததா, உங்க பார்க்குலயும் அன்னைக்குத் தான கூட்டம். அதனால சிம் போட்டு பேசுற செட்டும் நம்பக் கூடாது.

கடல் பக்கம் இன்னும் கொஞ்சம் கவனம் வேணும். அரியமான் பாக் விரிகுடாப் பக்கம், கச்சான் (தென்மேற்குக் காத்து) அடிக்கிறப்ப கடல் குளம் மாதிரி தான் தெரியும், ஆனா அந்தக் காத்து கரையில இருந்து கடலுக்குத் தள்ளுது, டியூப்ல இருக்குற ஆள் தெரியாமலே உள்ள போயிருவாரு. அதனால போட்டு ஓட்டுற பையன் இத்தனை நிமிஷத்துக்கு ஒருக்கா "எல்லாரும் இருக்காங்க"ன்னு சொல்லணும்னு வைங்க. சொல்லலன்னா கன்ட்ரோல் கேக்கணும், ரெண்டு தடவ கேட்டும் பதில் இல்லன்னா அடுத்த போட்டு கிளம்பணும். காத்துக்கு முதுகு காட்டி பேசச் சொல்லுங்க, செட்ட இடுப்புல செருகாம நெஞ்சுக்கு மேல மாட்டச் சொல்லுங்க, உடம்பு சிக்னலக் குடிக்கும். பெட்டியில எத்தன கிலோமீட்டர் போட்டிருந்தாலும் தகரக் கொட்டகைக்குள்ள சில நூறு மீட்டர் தான். மீனவங்க போட்டுல இருக்குற மரைன் வி.எச்.எஃப். ரேடியோ வேற விஷயம், அதுல சேனல் 16 ஆபத்துக்குன்னு ஒதுக்குனது, அதுல டிக்கெட் கணக்கெல்லாம் பேசக் கூடாது. கடல்ல கை மீறிப் போச்சுன்னா கோஸ்ட் கார்டு 1554, கடலோரப் போலீஸ் 1093, ரெண்டையும் கன்ட்ரோல் மேசையில பெருசா எழுதி ஒட்டிருங்க.

உப்புக் காத்து சார்ஜர் முனையில களிம்பு ஏத்திரும், ராத்திரி சார்ஜுல போடுறதுக்கு முன்னாடி நல்ல தண்ணில நனைச்சுப் பிழிஞ்ச துணியால துடைச்சு, காய வெச்சு அப்புறம் போடுங்க. ஐ.பி.67னு (தண்ணி தாங்குற தரம்) போட்ட செட்டு ஒரு மீட்டர் ஆழத்துல அரை மணி நேரம் தாங்கும்னா அது நல்ல தண்ணிக்குச் சொன்னது, கடல்ல விழுந்தா எடுத்த உடனே நல்ல தண்ணில அலசணும். போட்டுல போற ஆளுக்கு மட்டும் மிதக்குற மாடலா, சான்று இருக்கான்னு பாத்து வாங்குங்க, மத்தவங்களுக்கு சான்று உள்ள சாதா செட்டே போதும்.