சம்பந்திகளையும் கூட்டிக்கொண்டு அந்தமான் போகலாமா?

கேள்வி: கல்யாணமாகி ஒரு வருடம் ஆகப்போகிறது. என் அப்பா அம்மாவையும் மாமனார் மாமியாரையும் சேர்த்து அந்தமானுக்கு அழைத்துப் போகலாம் என்று இருக்கிறோம். விமானமா, கப்பலா? இப்படிப் போனவர்கள் யாராவது இருந்தால் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

பதில்:

நாங்கள் போனோம். 2022 டிசம்பர் கடைசியில், நான், கணவர், இரண்டு பக்கத்துப் பெரியவர்கள் என்று ஆறு பேர். சண்டை எதுவும் நடக்கவில்லை. ஒரு சண்டை நடந்திருந்தால் தேவலை என்று நினைக்கும் அளவுக்கு மரியாதைதான் நடந்தது.

எங்களுடையது காதல் கல்யாணம். அவர்கள் வீட்டில் முட்டைகூடக் கிடையாது. என் அப்பா தூத்துக்குடிக்காரர், மீன் இல்லாத நாளை விரதக் கணக்கில் சேர்ப்பவர். கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு வீடும் சந்தித்ததெல்லாம் விசேஷங்களில்தான். ஊரில் சம்பந்திகள் சந்திப்பது இரண்டு மணி நேரக் காரியம். காபி, பலகாரம், "அப்ப நாங்க கிளம்பறோம்". தீவில் அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்ல முடியாது. படகு எப்போதோ அப்போதுதான் கிளம்ப முடியும்.

முதல் நாள் போர்ட் பிளேரில் நன்றாகத்தான் போனது. (2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். அடுத்து நாங்கள் போன ஹேவ்லாக் தீவும் 2018 முதல் அரசாங்கக் கணக்கில் ஸ்வராஜ் த்வீப். டிக்கெட்டில் வேறு பெயரைப் பார்த்து பயப்படாதீர்கள்.) செல்லுலார் சிறைக்குப் போனோம். மாமா, அதாவது என் மாமனார், ஓய்வு பெற்ற சரித்திர வாத்தியார். 1896-இல் கட்ட ஆரம்பித்து 1906-இல் முடித்தது, நடுக் கோபுரத்திலிருந்து ஏழு கிளை, இப்போது மிஞ்சியிருப்பது மூன்று என்று வழிகாட்டிக்கு முன்னால் இவரே சொல்லிக்கொண்டு போனார். ஒரு கிளையின் அறைகள் அடுத்த கிளையின் முதுகைப் பார்த்துத்தான் இருக்கும், கைதிக்குக் கைதி முகம் தெரியக்கூடாது என்று அப்படிக் கட்டினார்களாம். தியாகிகள் மன்னிக்க வேண்டும், மறுநாள் ஹேவ்லாக் ரிசார்ட்டில் எங்கள் மூன்று காட்டேஜும் ஒரே முற்றத்தைப் பார்த்து வாசல் வைத்துக்கொண்டிருந்ததைக் கண்டதும் எனக்கு அந்தக் கட்டட அமைப்புதான் ஞாபகம் வந்தது.

ஹேவ்லாக் போகும் தனியார் படகு மூடின ஏசிக் கூண்டு. ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அலை கொஞ்சம் தூக்கிப் போட்டது. பாதி வழியில் அத்தைக்கு, மாமியாரைத்தான் அத்தை என்கிறேன், குமட்ட ஆரம்பித்தது. என் கணவர் ஜன்னல் பக்கம் நல்ல தூக்கம். பக்கத்து இருக்கையில் இருந்தது என் அப்பா. அதுவரை அத்தை அப்பாவிடம் நேராகப் பேசியதே இல்லை, "அப்பாவுக்குக் காபி வேணுமான்னு கேளும்மா" என்று என் வழியாகத்தான். அப்பா முன் இருக்கைப் பையிலிருந்து கவரை உருவிப் பிரித்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். இறங்கும்வரை இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. அதற்குப் பிறகும் ஒரு முழு நாள் பார்க்கவில்லை.

ரிசார்ட்டில் அடுத்தது. புதுசாகக் கல்யாணமானவர்கள் என்று நாங்கள் வாய்தவறிச் சொன்னதை ஏஜென்ட் மனதில் வைத்துக்கொண்டு, எல்லாருக்குமான பேக்கேஜில் ஹனிமூன் சாமான்களையும் சேர்த்துவிட்டார். அதற்கான அறை எது என்பதில் ரிசார்ட்காரர்களுக்குக் குழப்பம். அத்தையும் மாமாவும் கதவைத் திறந்தால் மெத்தையில் ரோஜா இதழால் பெரிய இதயம், அதன் மேல் துண்டில் செய்த இரண்டு அன்னம் மூக்கோடு மூக்கு. பின்னாலேயே பெட்டியோடு வந்த என் அப்பா அம்மாவும் அதைப் பார்த்தாகிவிட்டது. மாமா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "துண்டு நிறையக் கொடுத்திருக்கான்" என்றார். இதழ்களைக் கூட்டி எடுக்கும்வரை அத்தை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

இதெல்லாம் நிமிஷக் கணக்கில் முடிகிற சங்கடங்கள். உண்மையான சோதனை சாயங்காலம். இதை எந்தப் பயணக் குறிப்பிலும் யாரும் அழுத்திச் சொல்வதில்லை, அதனால் நான் சொல்கிறேன். அந்தமான் சென்னையிலிருந்து 12 டிகிரிக்கு மேல் கிழக்கே இருக்கிறது, ஆனால் கடிகாரம் நம்முடையதுதான். ஆகவே சூரியன் நமக்கு முக்கால் மணி நேரத்துக்கும் முன்னாலேயே மறைந்துவிடும். டிசம்பரில் ஐந்து மணி சுமாருக்கு அஸ்தமனம், ஐந்தரைக்குக் கும்மிருட்டு. ராதாநகர் கடற்கரையில் அஸ்தமனம் பார்த்துத் திரும்பினால் ஆறு மணி, சாப்பாடு ஏழரைக்கு. கடைத்தெரு சின்னது, அதுவும் ஆட்டோ பிடித்துப் போக வேண்டும். எங்கள் அறைகளில் சிக்னல் இல்லை. 2020-இல் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்த பிறகு இணையம் எவ்வளவோ முன்னேறியிருக்கிறது என்று அங்கே உள்ளவர்கள் சொன்னார்கள். எங்களுக்குக் கிடைத்த முன்னேற்றம் ரிசார்ட் வரவேற்பறை வாசலோடு நின்றுவிட்டது. ஆக, தினமும் ஆறு பேரும் அந்த வாசலில், பிளாஸ்டிக் நாற்காலியில், எதிரும் புதிருமாக. கொசு வேறு. ஓடோமாஸ் ட்யூப் ஒன்றுதான், அது ஒரு சுற்று வரும். யார் முதலில் போட்டுக்கொள்வது என்பதற்கே "நீங்க போடுங்க சம்பந்தி", "இல்ல, நீங்க மொதல்ல" என்று ஐந்து நிமிஷம்.

பேச விஷயம் தீர்ந்துபோனால் மனிதர்கள் கல்யாணத்துக்குத்தான் திரும்புவார்கள். இரண்டாவது சாயங்காலம் அத்தை சும்மா சொல்வது போல, "மண்டபத்துல எங்க ரூம்ல கீசர் வேலை செய்யல" என்றார். அம்மா, "அன்னிக்கே சொல்லியிருந்தா வெந்நீர் வெச்சுக் கொடுத்திருப்போமே சம்பந்தியம்மா" என்றாள். "சொல்லலாம்னா அங்க யாரு இருந்தா?" இதற்கு மேல் யாரும் பேசவில்லை. ஓடோமாஸ் இன்னொரு சுற்று வந்தது. கொஞ்ச நேரம் கழித்து மாமா, சம்பந்தமே இல்லாமல், ஜப்பான்காரர்கள் 1942-இல் இந்தத் தீவுகளைப் பிடித்த கதையை ஆரம்பித்தார். அவ்வளவு ஆர்வமாக நான் சரித்திரம் கேட்டதே இல்லை.

சாப்பாட்டு விஷயம் தனி. அப்பா பயணம் முழுக்க சைவம் என்று தானாகவே முடிவு செய்துகொண்டார். மாமாவோ, "நீங்க சாப்பிடுங்க சம்பந்தி, எங்களுக்கு ஒண்ணுமில்ல" என்று வேளைக்கு ஒரு தரம் உபசாரம். அந்த உபசாரத்துக்குப் பிறகு எவன் மீன் கேட்பான்? பக்கத்து மேஜைக்கு முழு மீன் சுட்டு வரும், அப்பா பனீரைப் பார்த்தபடி சப்பாத்தியைக் கிழிப்பார். ஹேவ்லாக்கில் குடியேறியவர்கள் பெரும்பாலும் வங்காளிகள், மூன்றாம் நம்பர் கிராமமான கோவிந்த் நகர் பஜாரில் சின்னச் சின்னச் சாப்பாட்டுக் கடைகள் வைத்திருக்கிறார்கள். விடியற்காலையில் நடக்கப் போகிறேன் என்று அப்பா அங்கே போய்விட்டார். அதே நேரத்தில் மாமாவும் நடந்திருக்கிறார். அப்பா எதிரில் தட்டில் கடுகு போட்ட மீன் குழம்பும் சோறும். மாமா பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி திரும்பி வந்துவிட்டார். அப்பாவும் அவரைப் பார்க்காத மாதிரி குனிந்து சாப்பிட்டு முடித்தார். எனக்கு எப்படித் தெரியும் என்றால், இருவருமே தனித்தனியாக என்னிடம் வந்து, "அவர்ட்ட சொல்லிடாதே" என்றார்கள்.

எலிஃபன்ட் பீச்சில் முகமூடி மாட்டித் தண்ணீருக்குள் பவளப்பாறை பார்க்கிற இடத்தில் மாமா நான்தான் முதல் என்று இறங்கினார். குழாயைப் பல்லால் கடித்துக்கொள்ள வேண்டும். மாமாவுடையது கட்டின பல். அது நழுவும், கழற்றி வைத்துவிட்டு வாருங்கள் என்று கூட்டிப்போகிற பையன் சைகையில் சொன்னான். மாமா கழற்றி, கைக்குட்டையில் சுற்றி, அலையில் முகமூடி வழியாக அரைகுறையாகத் தெரிந்த ஒரு புடவையிடம் நீட்டினார். அது என் அம்மாவின் புடவை. அம்மா அந்தக் கைக்குட்டையைக் கற்பூரத் தட்டு மாதிரி முன்னால் ஏந்திக்கொண்டு, கரையில் வேரோடு சாய்ந்து வெளுத்துக் கிடந்த ஒரு மரத்தடியில் அசையாமல் நின்றாள். அத்தை தூரத்திலிருந்து பார்த்துவிட்டு ஓடிவந்து, விஷயம் தெரிந்ததும் மணலில் உட்கார்ந்து சிரித்தார். அம்மாவுக்கும் சிரிப்பு தாங்கவில்லை, ஆனால் கையை ஆட்ட முடியாதே.

அன்று இரவுதான் பேக்கேஜில் இருந்த மெழுகுவர்த்தி விருந்து. பணம் கட்டியாகிவிட்டது, ரத்து செய்ய முடியாது என்றார்கள். கடலோரம் வெள்ளைத் துணிப் பந்தல், இரண்டு நாற்காலி, எங்களுக்கு மட்டும். சரியாகப் பத்தடி தள்ளி உணவக மேஜையில் நான்கு பெரியவர்கள், எங்களைப் பார்த்தபடி. என் கணவர் தட்டைத் தவிர வேறெதையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. நடுவில் அம்மா உரக்க, "மாப்பிள்ளை, தயிர்சாதம் வந்திருக்கு, அனுப்பட்டுமா?" என்றாள். "காரம் ஜாஸ்தியா இருந்தா வயித்துக்கு ஆகாது, ரெண்டு பேரும் இங்கேயே வந்துடுங்கோ" என்றார் அத்தை. போய்விட்டோம். மெழுகுவர்த்தி பாட்டுக்கு அங்கே எரிந்துகொண்டிருந்தது.

இப்போது நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். போங்கள், ஆனால் ஹேவ்லாக்கில் இரவுகளைக் குறைத்து போர்ட் பிளேரில் கூட்டுங்கள். அங்கே தமிழ் பேசுகிறவர்கள் நிறைய, வெற்றிமலை முருகன் கோவில் இருக்கிறது, பெரியவர்கள் நம் தயவில்லாமல் ஆட்டோ பிடித்துப் போய் வருவார்கள். படகில் குமட்டுகிறவர்கள் இருந்தால் மேல்தளத்தில் காற்றாட நிற்கக்கூடிய அரசுக் கப்பலைப் பாருங்கள், மெதுவாகத்தான் போகும். டிசம்பர் கூட்டத்தைத் தவிர்த்து பிப்ரவரி, மார்ச்சில் போனால் கடலும் அடங்கியிருக்கும். சீட்டுக்கட்டு கட்டாயம். பில் கட்டுகிற பொறுப்பை முன்கூட்டியே உங்கள் கணவரிடம் கொடுத்துவிடுங்கள். எங்கள் இரண்டு அப்பாக்களும் கவுண்டரில் போனை ஆகாயத்துக்குக் காட்டிக்கொண்டு, யாருடைய ஜிபே முதலில் சுற்றி முடிக்கிறது என்று நின்றதை ரிசார்ட் முழுக்க வேடிக்கை பார்த்தது.

விமானம் சென்னையிலிருந்து இரண்டேகால் மணி நேரம் சுமார். கப்பல் கிட்டத்தட்ட மூன்று நாள். உங்கள் இரண்டு பேருக்கு மட்டும் என்றால் கப்பலை யோசிக்கலாம். சம்பந்திகளோடு என்றால் நகையை அடகு வைத்தாவது விமான டிக்கெட் போடுங்கள்.