கன்னத்துக்குள் வெள்ளைத் திட்டு: வலிக்காததால் விட்டுவிடலாமா?

கேள்வி: வயது 44, நாமக்கல்லில் லாரி ஓட்டுகிறேன். ராத்திரி ஓட்டத்தில் தூக்கம் வராமலிருக்க, பத்து வருடமாகப் பாக்குப் பொட்டலம் போடுகிறேன். இரண்டு மாதமாக இடது கன்னத்தின் உள்ளே ஒரு வெள்ளைத் திட்டு. வலி இல்லை, காரம் பட்டால் எரிகிறது. மெடிக்கலில் கொடுத்த ஆயின்மெண்ட், சத்து மாத்திரை எதற்கும் குறையவில்லை. நேற்று டார்ச் அடித்துப் பார்த்தபோது நாக்கின் பின்பக்கம் வரிசையாகக் கட்டிகள் தெரிந்தன. புற்றுநோயா?

பதில்: கட்டிகளை முதலில் முடித்துவிடுவோம். நாக்கின் பின்பக்கம், தொண்டையை ஒட்டி, எட்டு முதல் பன்னிரண்டு மொட்டுகள் எல்லோருக்கும் உண்டு. பிறந்ததிலிருந்தே இருப்பவைதான். டார்ச் அடிக்கிற அன்றுதான் கண்ணில் படும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் கவலையை விடுங்கள்.

திட்டு விஷயம் அப்படியல்ல. வலி இருந்தால்தான் நோய் என்று நினைக்கிறோம்; வாய்க்குள் பல நேரம் அது தலைகீழ். சாப்பிட விடாமல் உயிரை வாங்கும் சின்ன வாய்ப்புண் பத்துப் பதினைந்து நாளில் தானாக ஆறிவிடும். வலிக்காமல், ஆறாமல் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதைத்தான் நாங்கள் சந்தேகத்தோடு பார்ப்போம்.

சுத்தமான துணியால் திட்டை மெதுவாகத் துடைத்துப் பாருங்கள். தயிர் ஆடை மாதிரி வழித்துக்கொண்டு வந்தால் பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் பல்செட் போடுபவர்களுக்கும் இது அடிக்கடி வரும். துடைத்தும் திட்டு வழித்துக்கொண்டு வரவில்லை என்றால், அதிலும் பாக்கு ஒதுக்கி வைக்கிற பக்கமே என்றால், லுகோபிளேக்கியாவாக இருக்க வாய்ப்பு உண்டு. அது புற்றுநோய் அல்ல. ஆனால் சிலருக்குப் பின்னாளில் அப்படி மாறக்கூடியது. வெள்ளைக்கு நடுவே சிவப்பு தெரிந்தாலோ, தொட்டால் கெட்டியாக இருந்தாலோ, கழுத்தில் நெறி கட்டியிருந்தாலோ இன்னும் அவசரம்.

காரம் எரிகிறது என்கிறீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. ஆள்காட்டி, நடு, மோதிர விரல் மூன்றையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, மேல் கீழ் முன்பற்களுக்கு நடுவே நுழைத்துப் பாருங்கள். நுழையவில்லையா? பாக்கு போடுபவர்களுக்குக் கன்னத்தின் உள்தோல் கொஞ்சம் கொஞ்சமாக நார் போல இறுகி, வாய் திறப்பது குறைந்துகொண்டே போகும். என்னிடம் வந்த ஒருவர், முழு இட்லியைக் கடிக்க முடியாமல் விண்டு விண்டு வாயில் போட்டுக்கொண்டிருந்தார். அதை நோய் என்றே அவர் நினைக்கவில்லை. இறுகிய பிறகு பழையபடி ஆக்குவது கடினம். புகையிலை சேராத வெறும் பாக்கே போதும் இதற்கு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, 2004-லேயே பாக்கை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்திவிட்டது. 'வெறும் பாக்குதானே' என்ற சமாதானம் இனி வேண்டாம்.

கடைவாய்ப் பல் ஏதாவது உடைந்து கூராக இருக்கிறதா? கன்னத்தை உரசி உரசியும் திட்டு வரும். அப்படியென்றால் பல்லை ராவி விட்டு இரண்டு வாரம் பார்ப்போம். அதற்கும் மறையாவிட்டால் சதைப் பரிசோதனைதான். மரத்துப்போக ஊசி போட்டு, துணுக்குச் சதை எடுத்து, ஒன்றிரண்டு தையல் போடுவார்கள். அன்றே வீட்டுக்குப் போகலாம். கத்தி பட்டால் பரவிவிடும் என்று யாராவது சொல்வார்கள். பரவாது. அந்தப் பயத்தில் ஆறு மாதம் தள்ளிப்போட்டு வருபவர்களைத்தான் காப்பாற்றச் சிரமப்படுகிறோம்.

ஆயின்மெண்ட்டை இன்றே நிறுத்துங்கள். செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு, அடுத்த லோடு ஏற்றுவதற்குள் அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்குப் போய்விடுங்கள். பாக்கு போடுவதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். பல்லின் கறையிலேயே எங்களுக்குத் தெரிந்துவிடும். அப்புறம், ராத்திரி தூக்கம் வந்தால் வண்டியை ஓரம் கட்டி அரை மணி நேரம் தூங்குங்கள். பாக்கு அதற்கு மருந்தல்ல.