திடல் பற்றிக் கேளுங்கள்: உலகக் கிண்ண அரங்குகளும் நம் காலாங்கும்

2026 ஜூன் 11ஆம் தேதி மெக்சிகோ நகரில் உலகக் கிண்ணக் காற்பந்துப் போட்டி தொடங்குகிறது. 48 அணிகள், 104 ஆட்டங்கள், மூன்று நாடுகளில் 16 அரங்குகள். நான் புல்தரைப் பராமரிப்பில் வேலை செய்கிறவள் என்பதால் அரங்குத் தயாரிப்பு பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கேள்விகள் குவிந்துவிட்டன. புல், மண், தண்ணீர், வெளிச்சம் இவைதான் என் துறை. மற்றதற்கு ஓரிரு வரிதான் எதிர்பார்க்கலாம்.

ரவி, உட்லண்ட்ஸ்: அமெரிக்காவில் இருப்பதெல்லாம் பிரம்மாண்டமான அரங்குகள். புதிதாக ஒன்றும் கட்டவும் இல்லை. அப்புறம் எதற்கு இத்தனை வருடத் தயாரிப்பு அக்கா?

அந்த அரங்குகள் பெரும்பாலும் அமெரிக்கக் காற்பந்துக்காகக் கட்டியவை, தம்பி. அந்த ஆட்டத்தின் திடல் அகலம் 49 மீட்டருக்கும் குறைவு. நம் ஆட்டத்துக்கு 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம் வேண்டும். இருபது மீட்டர் அகலம் எங்கிருந்து வரும்? இருக்கைகளைத்தான் எடுக்க வேண்டும். இறுதியாட்டம் நடக்கும் நியூஜெர்சி அரங்கில் மட்டும் மூலைகளிலிருந்து 1,740 இருக்கைகளை அகற்றினார்கள்.

அதைவிடப் பெரிய வேலை தரையில். 16 அரங்குகளில் எட்டில் செயற்கைப் புல்தரை. அட்லாண்டா, டல்லஸ், ஹூஸ்டன், லாஸ் ஏஞ்சலிஸ், பாஸ்டன், சியாட்டல், வான்கூவர், நியூஜெர்சி. உலகக் கிண்ணத்துக்கு இவை அத்தனையும் இயற்கைப் புல்லுக்கு மாற வேண்டும். அவற்றில் சிலவற்றுக்கு மேலே கூரையும் உண்டு.

ஏற்கெனவே இருக்கும் தரைமேல் புல்லை விரித்தால் போதாதா என்று நினைப்பீர்கள். 2024இல் தென் அமெரிக்கக் கிண்ணமான கோப்பா அமெரிக்காவின் தொடக்க ஆட்டத்துக்கு அட்லாண்டாவில் அப்படித்தான் செய்தார்கள். செயற்கைத் தரைமேல் ஆட்டத்துக்குச் சில நாள் முன்பு புல்லைப் பரப்பினார்கள். அர்ஜென்டினா 2-0 என ஜெயித்தது. ஜெயித்த அணியின் பயிற்றுநர் ஸ்கலோனியும் கோல்காப்பாளர் எமிலியானோ மார்ட்டினெஸும் திடலைக் கடுமையாகக் குறை சொன்னார்கள். தோற்றவர் குறை சொன்னால் சாக்கு என்று தள்ளிவிடலாம். ஜெயித்தவரே சொன்னால் தரை மோசம் என்றுதான் அர்த்தம்.

இந்த முறை டென்னசி பல்கலைக்கழகத்தின் ஜான் சொரோச்சன், மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜான் ரோஜர்ஸ் ஆகியோரின் குழுக்கள் பல வருடமாக இதற்கென்றே ஆராய்ச்சி செய்தன. எனக்கு மிகவும் பிடித்தது அவர்கள் புல் வளர்க்கும் விதம். பண்ணையில் பிளாஸ்டிக் விரிப்பின்மேல் மணல் பரப்பி, அதில் வளர்க்கிறார்கள். வேர் கீழே இறங்கி பிளாஸ்டிக்கைத் தொட்டதும் பக்கவாட்டில் பின்னிக்கொள்கிறது. வழக்கமான முறையில் புல்லைச் சீவி எடுக்கும்போது வேரில் பெரும்பகுதி அறுந்து பண்ணையிலேயே தங்கிவிடும். இங்கே முழு வேரோடு சுருட்டிக் குளிர்பதன லாரியில் ஏற்றலாம். அரங்கில் விரித்தால் புதிதாக வேர் விடும்வரை காத்திருக்கத் தேவையில்லை. சில இடங்களில் செயற்கை இழைகளையும் ஊடே தைத்துத் தரையை இறுக்குகிறார்கள். மொத்தத்தில் ஐந்து விழுக்காடு அளவுதான் இழை, மீதி உயிருள்ள புல்.

ரோஜர்ஸுக்கு இது புதிதல்ல. 1994இல் டெட்ராய்ட் அருகே சில்வர்டோம் என்ற மூடிய அரங்கில் உலகக் கிண்ண ஆட்டங்கள் நடந்தன. அறுகோணப் பெட்டிகளில் வெளியே புல் வளர்த்து, உள்ளே கொண்டுபோய் அடுக்கினார்கள். கூரைக்கடியில் இயற்கைப் புல்லில் நடந்த முதல் உலகக் கிண்ண ஆட்டம் அங்கேதான். அமெரிக்காவும் சுவிட்சர்லாந்தும் 1-1.

திரையில் பச்சையாகத் தெரிகிறது என்று யாரும் ஏமாறாதீர்கள். வேரைப் பாருங்கள். இதை இன்று பல முறை சொல்வேன்.

ஷர்மிளா, பொங்கோல்: அரங்குகளின் பெயரைக்கூட மாற்றுகிறார்களாமே?

ஆமாம். உலகக் காற்பந்துச் சம்மேளனமான ஃபிஃபாவின் விளம்பரதாரர் அல்லாத நிறுவனத்தின் பெயர் அரங்கில் இருக்கக் கூடாது. அதனால் போட்டி முடியும்வரை டல்லஸ் அரங்கம், அட்லாண்டா அரங்கம் என்று ஊர்ப் பெயர்தான். புல்லுக்கு இதனால் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை.

முகமது ரஃபீக், பிடோக்: சிங்கப்பூரில் உலகக் கிண்ணம் நடக்க வாய்ப்பு உண்டா?

தனியாக நடத்த முடியாது. 48 அணிப் போட்டிக்குப் பதினான்கு அரங்குகள் கேட்கிறார்கள். சிறியதற்கே 40,000 இருக்கை, அரையிறுதிக்கு 60,000, தொடக்க ஆட்டத்துக்கும் இறுதியாட்டத்துக்கும் 80,000. நம்மிடம் அந்த அளவில் ஒரே அரங்குதான், காலாங்கில் இருக்கும் தேசிய விளையாட்டரங்கம், 55,000 இருக்கை. 2030ஆம் ஆண்டுப் போட்டி ஸ்பெயின், போர்ச்சுகல், மொரோக்கோவுக்குப் போய்விட்டது. 2034 சவுதி அரேபியாவுக்கு.

பிரியா, அங் மோ கியோ: 2014இல் காலாங் திடலைப் பார்த்து எல்லாரும் சிரித்தார்களே அக்கா. அங்கே என்னதான் நடந்தது?

நல்ல கேள்வி. இதை நீளமாகவே சொல்கிறேன்.

தேசிய விளையாட்டரங்கம் 2014 ஜூனில் திறந்தது. 310 மீட்டர் அகலக் குவிமாடம், நடுவில் திறந்து மூடும் கூரை. ஓட்டப் பந்தயம், காற்பந்து, ரக்பி, கிரிக்கெட் எல்லாவற்றுக்கும் ஏற்றபடி கீழ்த்தட்டு இருக்கைகள் முன்னும் பின்னும் நகரும். பொறியியலாக அது பெரிய சாதனை, எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

ஆனால் அதே குவிமாடம் புல்லின் வெளிச்சத்தைப் பறித்துவிட்டது. நமக்கு வருடம் முழுக்கப் பன்னிரண்டு மணி நேரப் பகல். ஐரோப்பியக் கோடையில் கிடைக்கும் பதினாறு மணி நேரம் இங்கே என்றைக்கும் கிடையாது. அதிலும் மதியத்துக்குமேல் மேகம் கட்டிவிடும். மிச்சமிருக்கும் வெளிச்சத்தில் கூரை ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது. முதலில் போட்டது இயற்கைப் புல்லும் செயற்கை இழையும் கலந்த தரை, ஐரோப்பாவில் பேர்போன முறை. இங்கே இழை நின்றது, புல் வளரவில்லை. அக்டோபர் 14ஆம் தேதி பிரேசில் ஜப்பானுடன் ஆடியபோது நெய்மார் நான்கு கோல் போட்டார். உலகம் பார்த்ததோ மணல் திட்டுகளை.

மணல் தெரிந்ததே, மணல் போட்டதுதான் தப்பு என்று அப்போது பலர் சொன்னார்கள். அது தப்பே இல்லை. எந்த நல்ல திடலும் மணல்மேல்தான் நிற்கிறது. மேலே ஒரு சாண் கனத்துக்கு மணல், அதன்கீழ் சரளை, அதன்கீழ் வடிகால் குழாய். வருடத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்குமேல் மழை கொட்டும் ஊரில் களிமண்ணில் திடல் போட்டால் சேறுதான் மிஞ்சும். மணலை மூடுகிற அளவுக்குப் புல் இல்லாததுதான் அன்றைய பிரச்சினை.

2015இல் முறையையே மாற்றினார்கள். வெளியே வெயிலில் வளர்த்த புல்தரையைக் கொண்டுவந்து பதிக்கிறார்கள். செயற்கை விளக்குகளும் துணைக்கு வந்தன. பிறகு 2021 டிசம்பரில் ஆசியான் கிண்ணம் முழுவதும் சிங்கப்பூரில் நடந்தது நினைவிருக்கும். டிசம்பர் 22 முதல் ஜனவரி 1 வரை இரண்டு அரையிறுதிகளும் இறுதியாட்டமும், முதல் சுற்று இரண்டாம் சுற்று என ஆறு ஆட்டங்கள், பதினொரு நாளில், அதே ஒரே திடலில். நம் அணி எட்டுப் பேராகக் குறைந்தும் இந்தோனீசியாவிடம் கூடுதல் நேரம்வரை போராடிய ஆட்டமும் அதில் ஒன்று. ஆறு ஆட்டத்தையும் அந்தத் திடல் தாங்கியது. திடல் பராமரிப்பவருக்கு அதைவிட நல்ல பாராட்டு கிடையாது.

தினேஷ், ஈசூன்: சிங்கப்பூர் எப்போது உலகக் கிண்ணத்தை நடத்தும்?

ரஃபீக்குக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்.

செந்தில், தோ பாயோ: இத்தனை பாடு எதற்கு? ஜாலான் புசார் அரங்கில் செயற்கைப் புல்தான். நாங்கள் ஞாயிறு தோறும் செயற்கைப் புல்லில்தான் ஆடுகிறோம். மழை வந்தாலும் ஆட்டம் நிற்காது, பராமரிப்பும் குறைவு. உலகக் கிண்ணத்தையும் அதிலேயே ஆடலாமே?

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு நீங்கள் சொல்வது சரி. காலையிலிருந்து இரவுவரை அணி மாற்றி அணி ஆடினால் எந்தப் புல்லும் தாங்காது. அக்கம்பக்கத் திடல்களுக்குச் செயற்கைத் தரைதான் பொருத்தம்.

உலகக் கிண்ணம் வேறு. வெயிலில் செயற்கைத் தரையின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டும். புல் தன் ஈரத்தை ஆவியாக்கித் தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்ளும், பிளாஸ்டிக்கால் அது முடியாது. சறுக்கித் தடுத்தால் தோல் உரியும். 2015இல் கனடாவில் பெண்கள் உலகக் கிண்ணம் முழுவதையும் செயற்கைத் தரையில் நடத்தினார்கள். அதை எதிர்த்து வீராங்கனைகள் சட்டப்படி முறையிட்டார்கள். ஆண்களுக்கு இப்படிச் செய்வீர்களா என்று அவர்கள் கேட்டதற்கு இன்றுவரை நேர்மையான பதில் இல்லை.

செந்தில் மறுபடி: நார்வேயின் போடோ கிளிம்ட் அணி செயற்கைத் தரையில் ஆடித்தான் ஐரோப்பாவின் பெரிய கிளப் போட்டியான சாம்பியன்ஸ் லீக் வரை வந்தது. அது மட்டும் சரியா?

போடோ வடதுருவ வட்டத்துக்கு மேலே இருக்கும் ஊர். குளிர்காலத்தில் அங்கே வெளிச்சமே அரிது. அவர்களுக்கு வேறு வழி இல்லை, அதை நான் குறை சொல்லவில்லை. வழி இருக்கிற லீகுகள் என்ன செய்கின்றன என்று பாருங்கள். நெதர்லாந்தின் முதல்நிலை லீக் 2025-26 பருவத்திலிருந்து செயற்கைத் தரையைத் தடை செய்துவிட்டது. ஸ்காட்லாந்தும் விலக்க முடிவெடுத்துவிட்டது.

கவிதா, கிளமெண்டி: செந்தில் சொல்வதில் நியாயம் இருக்கிறது அக்கா. பிள்ளைகள் ஆட இடமே இல்லாத ஊரில், வருடத்தில் சில ஆட்டத்துக்காக இத்தனை செலவில் புல் வளர்க்கிறோம்.

கவிதா, பிள்ளைகளின் திடலுக்கு என் ஓட்டும் செயற்கைத் தரைக்குத்தான், மேலேயே சொன்னேன். ஒரு நிபந்தனை மட்டும். உள்ளே நிரப்பும் கறுப்பு ரப்பர் துகள் வேண்டாம். அது காலணியோடு வெளியே போய் வடிகாலில் சேருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் அந்தத் துகளின் விற்பனையை 2031 அக்டோபரிலிருந்து தடை செய்கிறது. தக்கைத் துகள் போன்ற மாற்று இருக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள்.

செந்தில் மறுபடியும்: அப்படியென்றால் காலாங்கில் கச்சேரி நடத்துவதை நிறுத்துவீர்களா? கச்சேரிதானே புல்லைக் கொல்கிறது?

நிறுத்தச் சொல்லவில்லை. கச்சேரி வருமானம் இல்லாமல் அந்த அரங்கை நடத்துவது கடினம் என்று எனக்குத் தெரியும். நான் கேட்பது நாள். 2024 மார்ச்சில் டெய்லர் சுவிஃப்டின் ஆறு கச்சேரிகள் 9ஆம் தேதி முடிந்தன. 21ஆம் தேதி அங்கேயே சீனாவுடன் உலகக் கிண்ணத் தகுதிச் சுற்று, 2-2. இடையில் பன்னிரண்டு நாள். மேடையைப் பிரிக்க வேண்டும், தரையைச் சமன் செய்ய வேண்டும், புல்லைப் பதிக்க வேண்டும், அப்புறம்தான் வேர் பிடிக்க நேரம். கட்டுமானத்துக்கு நாள் ஒதுக்குகிறார்கள், கச்சேரிக்கு நாள் ஒதுக்குகிறார்கள், மிச்சம் விழுந்ததுதான் புல்லுக்கு. நாள்காட்டி போடும் மேசையில் திடல் பராமரிப்பவரும் உட்கார வேண்டும். நான் சொல்ல வந்ததே இதுதான்.

செந்தில், இத்தோடு விட்டுவிடுவோம். மற்றவர்கள் காத்திருக்கிறார்கள்.

ஒரு தாய், செங்காங்: மகன் பயிற்சி செய்யும் திடல் எப்போதும் சொதசொதவென்று இருக்கிறது. மேலே பார்த்தால் நல்ல பச்சை.

மேலே பச்சை, கீழே நோய். இப்படி ஒரு திடலில் நான் வேலை செய்திருக்கிறேன். அங்கே மழை நாளிலும் தானியங்கித் தெளிப்பான் ஓடிக்கொண்டிருந்தது. பராமரிப்பவரிடம் சொல்லி, விரல் கனத்தில் ஒரு குழாயை ஒரு சாண் ஆழம் இறக்கி மண்ணை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். வேர் வெள்ளையாக அடிவரை இறங்கியிருந்தால் கவலை இல்லை. இரண்டு விரற்கடையில் வேர் நின்று, அதன்கீழ் மண் கறுத்து, அழுகிய முட்டை வாடை வந்தால் காற்றுப் போகவில்லை, தண்ணீர் தேங்குகிறது. துளையிட்டு மணல் நிரப்ப வேண்டும், தண்ணீரைக் குறைக்க வேண்டும். வாடைக்கு உரம் மருந்தல்ல. உரம் போட்டால் மேலே இன்னும் பச்சையாகும், கீழே இன்னும் அழுகும்.

நடராஜன், ஜூரோங்: இந்த உலகக் கிண்ணத்தில் என்ன வகைப் புல்?

வெப்பமான திறந்த அரங்குகளில் பெர்முடா கலப்பின வகை. நம் அருகம்புல்லின் இனம்தான். பிள்ளையாருக்கு வைக்கிறோமே, அதன் நெருங்கிய உறவு. அதற்கு வெயில் நிறைய வேண்டும், நிழலில் மெலிந்துவிடும். அதனால் கூரை போட்ட அரங்குகளுக்குக் குளிர்பிரதேச வகைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். 2022இல் கத்தார் பயன்படுத்தியது உப்புத் தண்ணீரைத் தாங்கும் பாஸ்பாலம் என்ற புல். நம் புளோக்குக்குக் கீழே இருக்கும் அகல இலைப் புல் இவற்றில் எதுவும் இல்லை.

ஃபைசால், தெம்பனிஸ்: இடி மின்னலுக்கு அரங்கு என்ன செய்யும்?

ஆட்டத்தை நிறுத்தும். 2025 கிளப் உலகக் கிண்ணத்தில் சார்லட் நகரில் செல்சி, பென்ஃபிகா ஆட்டம் முடிய நான்கு நிமிடம் இருக்கும்போது மின்னல் எச்சரிக்கை வந்து கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம் நின்றது. நம் ஊரில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் பிள்ளைகள் முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும், உள்ளே அழைத்து வாருங்கள்.

தேவி, புக்கிட் பாத்தோக்: டிக்கெட் எங்கே வாங்குவது?

ஃபிஃபாவின் அதிகாரபூர்வத் தளத்தில் மட்டும்.

அருண், ஹவ்காங்: சிங்கப்பூரில் எப்போதாவது...

ரஃபீக்கின் கேள்வி, தம்பி. அதற்குப் பதிலாக இதைக் கேளுங்கள்: நம் அணி 2025 நவம்பரில் ஹாங்காங்கை அதன் ஊரிலேயே 2-1 என வென்று, 2027 ஆசியக் கிண்ணத்துக்குத் தகுதிபெற்றுவிட்டது. 1984இல் போட்டியை நடத்திய நாடு என்பதால் ஆடினோம். தகுதிச் சுற்றில் ஜெயித்துப் போவது இதுவே முதல் தடவை.

மாலதி, பாசிர் ரிஸ்: அதிகாலை எழுந்து ஆட்டம் பார்ப்பேன். திடலில் எதைக் கவனிக்கட்டும்?

ஓர் அரங்கின் முதல் ஆட்டத்தை விட்டுவிடுங்கள், அன்று எல்லாமே நன்றாக இருக்கும். டல்லஸில் ஒன்பது ஆட்டங்கள், வேறெந்த அரங்கிலும் அத்தனை இல்லை. அங்கே நான்காவது, ஐந்தாவது ஆட்டத்தைப் பாருங்கள். கோல் வாசல், அப்புறம் உதவி நடுவர் மேலும் கீழும் ஓடும் ஓரம், இந்த இரண்டும்தான் முதலில் தேயும். ஒருவர் வேகமாகத் திரும்பும்போது கால் பதிந்த இடத்தில் புல் துண்டாகப் பெயர்ந்து கிடக்கிறதா, சின்னக் கீறலோடு நிற்கிறதா என்று பாருங்கள். பெயர்ந்தால் வேர் இன்னும் பிடிக்கவில்லை. இடைவேளையில் முள்கரண்டிகளோடு ஆட்கள் உள்ளே ஓடி வருவார்கள், ஒளிவழி பெரும்பாலும் விளம்பரத்துக்குப் போய்விடும். அவர்களைக் காட்டினால் எந்த இடத்தில் குனிகிறார்கள் என்று குறித்துவைத்து எனக்கு எழுதுங்கள்.